தோற்றவருக்கு முதல் பந்தி

உலகம் அழியாமல் போனதால் பிழைப்பு கெட்டவர்கள் சிலர் உண்டு. நான் அவர்களில் ஒருவன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கிற நொடியில் கணினிகளெல்லாம் தேதி குழம்பிப் படுத்துவிடும் என்று பயந்துபோய் அமெரிக்கா எங்களை விமானம் விமானமாக வரவழைத்தது. எனக்குத் தெரிந்தது கோபோல் என்கிற கணினி மொழி. அது என்னைவிட இரண்டு வயது மூத்தது. அதற்கு முழங்கால் வலி மட்டும்தான் இல்லை. அந்த மொழியில் எழுதிய பழைய நிரல்களில் தேதிகளைத் தேடிப்பிடித்துத் திருத்துவது என் வேலை. திருத்தினோம். குறித்த நாள் வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்ததால் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால், எங்களை எதற்காக அழைத்தார்கள் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

அதற்கு மறு ஆண்டு மார்ச்சில், நியூ ஜெர்ஸியின் பார்சிப்பனியில் நான் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனத்தில் மானேஜர் என்னையும் இன்னொருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். இன்னொருவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி. இருபத்தேழு வயது, ஜாவா என்கிற புதுக் கணினி மொழிக்காரர், கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பிரிவில் கான்ட்ராக்டில் மிஞ்சியிருந்தது நாங்கள் இருவர்தான். ஜூன் கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது என்றார் மானேஜர். மேலிடத்தில் கேட்டால் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று கிடைக்கலாம். யாருக்கு, எதற்காக என்று அவர் எழுதிக் கேட்க வேண்டும். மே மாதத்துக்குள் எழுதிவிடுவார். இதை எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்தே சொன்னார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர். கொஞ்சம் ஒளிவுமறைவு இருந்திருந்தால் நான் அன்று மதியம் சாப்பிட்டிருப்பேன்.

கிடைத்தால் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் மகளின் பள்ளி ஆண்டு முடிந்ததும் சென்னை. சந்தை அப்போது அப்படி இருந்தது. எங்கள் அபார்ட்மென்ட் குப்பைத்தொட்டி அருகே வாரம் ஒரு சோபா அனாதையாக நிற்கும். யாரோ ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அர்த்தம். என் மனைவி அந்த சோபாக்களை எண்ணுவதை நிறுத்தியிருந்தாள்.

நான் அந்தக் குளிர்காலம் முழுவதும் சாயங்கால வகுப்பில் ஜாவா படித்துக்கொண்டிருந்தேன். நான்காவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை. ரெஸ்யூமேயில் மட்டும் தாண்டிவிட்டேன். பதினெட்டு வருடக் கோபோலை ஒரே வரியாகச் சுருக்கி, வயதை மறைக்க மீசைக்கு மை பூசுகிறவனைப் போல, மேலே ஜாவாவைப் பூசிவைத்திருந்தேன்.

அறையிலிருந்து வெளியே வந்ததும் தம்பி சொன்னார். "ஏனுங்ணா, நீங்க லன்ச்சுக்கு எங்க கூட வந்து உக்காருங்க. டெஸ்க்லயே சாப்ட்டுட்டு இருந்தா உங்களை யாருக்குத் தெரியும்? ஏப்ரல் வருது, மானேஜரு மாக் டிராஃப்ட் நடத்துவாரு. சேந்துக்குங்க."

போட்டியாளருக்கு இப்படி யோசனை சொல்கிறவரை அதுவரை நான் பார்த்ததில்லை. தந்திரமாக இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்த ஒரு நாளுக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

மாக் டிராஃப்ட் என்பது இதுதான். கல்லூரிகளில் கால்பந்து ஆடி முடித்த இளைஞர்களை ஏப்ரல் மாதம் பெரிய அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். கால்பந்து என்றால் காலால் ஆடுவது இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுவது. அந்தத் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பே, எந்த அணி யாரை எடுக்கும் என்று சம்பந்தமே இல்லாதவர்கள் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். நம் ஊரில் மந்திரிசபை பதவியேற்பதற்கு முன்னால் டீக்கடையில் இலாகா பிரிப்போமே, அதேதான். எங்கள் மானேஜர் அதை டீக்கடை அலட்சியத்தோடு நடத்தவில்லை, தேர்தல் ஆணையத்தின் கண்டிப்போடு நடத்தினார். படிவம் இருந்தது. கடைசித் தேதி இருந்தது. ஜெயித்தவர் மேசையில் வருடம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் ஹெல்மெட் இருக்கும்.

படிவத்தில் நான்கு கட்டங்கள்: முறை எண், அணி, தேவை, ஆட்டக்காரர். கூடவே அணிகளின் பெயர்களை அகரவரிசையில் அடித்த தாளும், ஒரு பத்திரிகையிலிருந்து நகலெடுத்த பக்கங்களும் கொடுத்தார். அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு இளைஞனுக்கும் எதிரே உயரம், எடை, நாற்பது கஜம் ஓட எடுத்த நேரம், எத்தனை முறை பளு தூக்கினான் என்று எண்கள். எண்களைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. ஆட்டம் புரியாவிட்டால் என்ன? மார்க் ஷீட் புரியாத தமிழன் உண்டா?

எல்லா எண்களையும் கூட்டினேன். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் மாதிரி. உயரம் அங்குலத்தில், எடை பவுண்டில், ஓடிய நேரம் நொடியில். எதையும் பாரபட்சம் பார்க்காமல் கூட்டி, இறங்குவரிசையில் ரேங்க் போட்டேன். அடுத்து அணிகள். போன வருடம் யார் அதிகம் ஜெயித்தது என்று பார்த்து அதையும் ரேங்க் போட்டேன். பிறகு கலந்தாய்வுதானே. முதல் ரேங்க் வாங்கியவன் முதலில் உள்ளே போய்த் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வான். கடைசியில் போகிறவனுக்கு யாருக்கும் வேண்டாத பாடப்பிரிவு. கடைசியில் போனவன் என்ற முறையில் இந்த நடைமுறை எனக்கு அத்துபடி. சாம்பியன் அணிக்கு முதல் மாணவன், இரண்டாம் அணிக்கு இரண்டாமவன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

'தேவை' என்ற கட்டம் மட்டும் புரியவில்லை. எந்த விண்ணப்பத்திலும் புரியாத கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போடுவது நம் மரபு. மேலிருந்து கீழ்வரை கோடு கோடாகப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் மானேஜர் எல்லோருடைய தாளையும் வரிசையாகப் படித்தார். என்னுடையதை எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் படித்தார். சாம்பியன் அணிக்கு முதல் முறை என்றதும் ஒருவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். அந்த அணி எடுத்திருந்தது நாட்டிலேயே குண்டான பையனை என்றதும் மேசை குலுங்கியது. எடையையும் கூட்டியிருந்தேன் அல்லவா? ஓடிய நொடிகளையும் கூட்டியிருந்ததால், மெதுவாக ஓடியவனுக்கு என்னிடம் அதிக மதிப்பெண்.

மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: போன வருடம் கடைசியில் வந்த அணிக்குத்தான் முதல் முறை, சாம்பியன் எல்லோரும் எடுத்த பிறகு கடைசியில் வர வேண்டும். என்னைக் கலாய்க்கிறார் என்று நினைத்துத் தம்பியைப் பார்த்தேன். தம்பி ஆமாம் என்று தலையாட்டினார். ஏன் அப்படி என்று கேட்டேன். தோற்றவன் தோற்றுக்கொண்டே இருந்தால் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று மானேஜர் திருப்பிக் கேட்டார். அவருடைய சொந்த ஊர் அணி பல வருடங்களாகத் தோற்றுவருவது. ஏப்ரல் மாதம் மட்டும்தான் தான் தலைநிமிர்ந்து நடக்கும் மாதம் என்றார்.

பந்திக்கு முந்து என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். தோற்றவனைக் கூப்பிட்டு முதல் இலையில் உட்காரவைக்கும் ஒரு பந்தி உலகத்தில் உண்டு என்பதை ஜீரணிக்க எனக்கு அந்த மதியம் முழுவதும் தேவைப்பட்டது.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, நான் போட்டிருந்த கோடுகளின் பக்கத்தில் எல்லாம் மானேஜர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மறுபடி போட்டுக் கொண்டுவரச் சொன்னார். வேறு யாருக்கும் அவர் இரண்டாவது வாய்ப்பு கொடுத்ததில்லையாம். அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு மனமொடிந்து வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். அவள் சிரித்து மூன்று வாரமாகியிருந்தது என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை. எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். என் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த விசாவில் அவள் வேலைக்குப் போக முடியாது. நான்கு வருடங்களாக அவளுடைய புள்ளியியல் முழுவதும் கடைத் தள்ளுபடிக் கூப்பன்களில்தான் செலவாகிக்கொண்டிருந்தது. என் கூட்டல் முறையைக் கேட்டதும் அவள் முகத்தில், கணவனைப் பற்றி ரொம்ப நாளாகச் சந்தேகித்தது உறுதியாகிவிட்ட நிம்மதி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். மனைவி நூலகத்திலிருந்து ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள்களும் பத்திரிகைகளும் எடுத்துவந்திருந்தாள். ஆட்டம் தெரிந்தவள் எங்கள் மகள் ஒருத்திதான். ஒன்பதாம் வகுப்பு. பள்ளி பாண்டில் கிளாரினெட் வாசிக்கிறவள். அந்த பாண்டுக்காரர்கள் பள்ளியின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய், வாசிக்காத நேரமெல்லாம் குளிரில் ஆட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி வேறு வழியில்லாமல் வந்த ஞானம் அவளுடையது.

"அப்பா, இந்த டீம்ல ஆல்ரெடி குவார்ட்டர்பேக் இருக்கான். தே டோன்ட் நீட் ஹிம்," என்றாள், நான் பெருமையோடு எழுதிய ஒரு பெயரைப் பார்த்து. குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிகிறவன், அணியின் கதாநாயகன்.

"பெஸ்ட் பிளேயர்னு போட்டிருக்கேம்மா. கிடைக்கிறப்ப எடுத்து வெச்சுக்க வேண்டியதுதானே?"

"எடுத்து?"

பதிலை மனைவி சொன்னாள். "எடிசன்ல நம்மூர்க் கடைல புளி வாங்கற மாதிரி. வீட்ல மூணு பாக்கெட் கிடக்கு. நல்ல புளி, விடக்கூடாதுன்னு நாலாவது வாங்கிட்டு வருவீங்க. உப்பு இருக்காது."

அதற்குப் பிறகு பேனா என் கையில் இல்லை. மகள் ஒவ்வொரு அணியிலும் எங்கே ஓட்டை என்று செய்தித்தாளில் தேடிச் சொன்னாள். மனைவி கட்டம் போட்டு எழுதினாள். ஓர் அணியில் எறிகிறவன் நன்றாகத்தான் எறிகிறான், ஆனால் பிடிக்க ஆளில்லை. இன்னோர் அணியில் எறிகிறவனுக்கு முதுகுப்பக்கம் காவல் நிற்கிறவனுக்கு வயதாகிவிட்டது. அவன் போய்விட்டால் கதாநாயகன் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருப்பான். அந்தக் காவல்காரனின் பெயர் மைதானத்தில் யாருக்கும் தெரியாது, அவன் இல்லாதபோதுதான் தெரியும் என்றாள் மகள். நான் தேநீர் போட்டுக்கொடுத்தேன். முப்பத்தொரு அணிகளில் பதினேழு முடிந்திருந்தபோது மனைவி நிமிர்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்க டீமுக்கு என்ன தேவை?"

எந்த அணியைச் சொல்கிறாள் என்று கேட்டேன்.

"ஆபீஸைச் சொல்றேன். உங்க மானேஜருக்கு என்ன இல்ல?"

ஜாவா தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். நிரந்தரத்தில் மூன்று பேர், தம்பியோடு நான்கு. "அப்ப நீங்க அஞ்சாவது பாக்கெட்," என்றாள். அரைகுறை ஜாவா என்பதை அவள் சொல்லவில்லை. மகள் பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்துபோய்த் தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவினேன். சுத்தமாகக் கழுவியதையே இன்னொருமுறை கழுவினேன். எங்கள் பிரிவில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே இரண்டு வருடங்களாக ஒளித்துவைத்திருந்தேன். ஜாவாக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்த புதிய இணையப் பக்கங்களெல்லாம் கடைசியில் போய்க் கேள்வி கேட்பது, முப்பது வருடப் பழைய கோபோல் நிரல்களிடம்தான். அவற்றின் உள்ளும் புறமும் தெரிந்தவர் எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவர் மதியச் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை. தன் இடத்திலேயே சூப் குடிப்பார். அதனால் அவரைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை. செப்டம்பரில் ஓய்வுபெறுகிறார். தேதி திருத்திய காலத்தில் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நிரல் எதை அழைக்கும், எதைத் தொட்டால் எது சரியும் என்று கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான். பழைய மொழிக்காரன் என்று பெயர் வாங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில் அதை வெளியில் சொல்லாமல் இருந்தேன்.

திங்களன்று அந்த அம்மாளிடம் போய், நீங்கள் போன பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். இரண்டு வருடங்களாக அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லையாம். தெரிந்த அத்தனையையும் அவர் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி ஒரு காலணிப் பெட்டியில் வைத்திருந்தார். மூன்று நாட்கள் இருவரும் உட்கார்ந்து அந்த அட்டைகளிலிருந்து ஒரு பட்டியல் எடுத்தோம்: வரிசை எண், நிரல், அது இல்லாவிட்டால் நின்றுபோகிற புதிய பக்கங்கள், அதைத் திருத்தத் தெரிந்தவர்கள். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள். செப்டம்பருக்குப் பிறகு ஒன்று. மானேஜருடைய படிவத்தின் அதே நான்கு கட்டங்களில் போட்டேன். இந்த முறை 'தேவை'யில் கோடு இல்லை.

மானேஜரிடம் கொண்டுபோவதற்கு முன்னால் தம்பியிடம் காட்டினேன். காட்டாமல் கொடுத்திருக்கலாம், ஆனால் அவர் என்னைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டவர். நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"இதுல ஜாவா ஆளு வேணும்னு எங்கயுமே இல்லீங்ணா," என்றார்.

"இல்லப்பா."

"நெசந்தானுங்க. நாங்கதான் நாலு பேரு இருக்கமே." தாளை இன்னொருமுறை பார்த்தார். "பிரின்ட்டு மங்கலா இருக்குதுங்ணா. குடுங்க, அந்தப் பக்கத்து பிரின்டர்ல நல்லதா எடுத்தாறேன்."

எடுத்துவந்து கொடுத்தார். ஸ்டேப்ளரும் அவரே அடித்தார். மாக் டிராஃப்டில் யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கேனத்தனமான கேள்விதான். மரியாதையாகப் பதில் சொன்னார்.

மானேஜரிடம் இரண்டு தாள்களையும் கொடுத்தேன். முதலில் அணிகளின் தாளைத்தான் பார்த்தார். மனுஷருக்கு முன்னுரிமை என்று ஒன்று உண்டு. ஓர் இடத்தில் புருவத்தை உயர்த்தி, இது யார் யோசனை என்றார். மனைவி என்றேன். பிறகு இரண்டாவது தாள். அதைப் படிக்கும்போது கதவை மூடச் சொன்னார். அந்த அம்மாள் செப்டம்பரில் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். போகும்போது எதையெல்லாம் கூட எடுத்துக்கொண்டு போகிறார் என்பது தெரியாது. இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டார். நான் ஜாவா படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். எவ்வளவு தூரம் படித்தாய் என்றார். நான்காவது அத்தியாயம் என்றேன். நான்கு வருடங்களில் அந்த அறையில் நான் சொன்ன முதல் முழு உண்மை அதுவாகத்தான் இருக்கும். எதற்கும் வாக்குக் கொடுக்க முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லித் தாளைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

டிராஃப்ட் நடந்த சனிக்கிழமை மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். போன வருடம் தோற்றுத் தள்ளிய ஓர் அணியின் பெயரை முதலில் கூப்பிட்டதும், எங்கிருந்தோ வந்திருந்த அதன் ரசிகர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஒரு வருடம் முழுக்க உதை வாங்கியவர்கள் என்று சொன்னால் நம்ப முடியாது. எங்கள் பட்டியலில் ஒன்பது பேர் சரியாக வந்தார்கள். மனைவி ஒவ்வொன்றுக்கும் சின்னதாக டிக் போட்டாள். நான் தனியாகப் போட்ட பட்டியலில் எத்தனை சரி என்று மகள் ஒப்பிட்டுப் பார்த்தாள். எண்ணிக்கையைக் குடும்ப நலன் கருதி வெளியிடவில்லை. ஹெல்மெட்டைப் பதினொன்று சரியாகப் போட்ட ஒருவர் கொண்டுபோனார்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மானேஜர் என் மேசைக்கே வந்தார். மேலிடம் சரியென்று சொல்லிவிட்டது, ஜூலை முதல் நிரந்தரம், கிரீன் கார்டுக்கு வக்கீலைப் பார்க்கலாம் என்றார். நான் உட்கார்ந்தபடியே கேட்டேன். எழுந்து நிற்க வேண்டும் என்பது அவர் போன பிறகுதான் தோன்றியது.

தம்பியிடம் நானே போய்ச் சொன்னேன். ரவுண்ட் ராக்கில் ஒரு கம்பெனியில் அவருக்கு இரண்டு சுற்று இன்டர்வியூ முடிந்துவிட்டதாகவும், ஜூனில் அங்கே போவதாகவும் சொன்னார். "நியூ ஜெர்ஸி குளிரு நமக்கு ஆகறதில்லீங்ணா. டெக்ஸஸ்னா நம்மூரு மாதிரி வெயிலு," என்று சிரித்தார். அந்த இன்டர்வியூ எப்போது நடந்தது, என் தாளைப் படிப்பதற்கு முன்பா பின்பா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ஜூனில் அவர் காரில் கிளம்பியபோது மனைவி மூன்று நாளைக்குத் தாங்கும்படி புளிசாதம் கட்டிக்கொடுத்தாள்.

வேலை நிரந்தரமான அந்த வெள்ளிக்கிழமை சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் பள்ளியிலிருந்து வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஸோ, நாம இங்கதான் இருக்கப்போறோமா?"

ஆமாம் என்றேன்.

பையின் அடிவரை கையை விட்டு, நாலாக மடித்து ஓரமெல்லாம் கசங்கிப்போன ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடுத்த சீசனுக்கு பாண்டில் எல்லோருக்கும் புதுச் சீருடை தைக்கிறார்களாம். அதற்கு அளவு கேட்டுப் பள்ளியில் கொடுத்தது. கெடு முடிந்து பத்து நாளாகியிருந்தது. மூன்று வாரங்களாக எங்களிடம் காட்டாமலேயே வைத்திருந்திருக்கிறாள். கேட்டதற்கு, பாண்ட் டைரக்டரிடம், மறந்துவிட்டேன் என்று தினமும் பொய் சொன்னதாகச் சொன்னாள்.

நான் பேனாவை எடுத்தேன். தோள் அகலம், கை நீளம், இடுப்பு, தொப்பிக்காகத் தலைச் சுற்றளவு. மனைவி தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துவந்து, மகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கவைத்து, நெற்றியைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள்.

"ஆடாம நில்லுடி," என்றாள். "இருபத்திரண்டேகால். எழுதிக்குங்க."